அறுபடுவதற்கென்றே ஒரு போல்ட்

பனி அகற்றும் இயந்திரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கியூபெக்கில் தொடங்குவர். பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஆர்தர் சிக்கார் 1925இல் தம் பனிவீசியைச் செய்து முடித்தார். 1927இல் மான்ட்ரியாலை அடுத்த ஊட்ரமோன் அதனை வாங்கியது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே, 1869இல், டொரன்டோவின் ஜே. டபிள்யூ. எலியட் ரயில்பாதைக்கான சுழல் பனிக்கலப்பைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அவர் பல் மருத்துவர் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவையெல்லாம் புனைந்தவர்களின் வரலாறு. பயன்பாட்டையும் பராமரிப்பையும் விட்டுவிட்டுத் தொழில்நுட்ப வரலாறு எழுத இயலாது என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வாதிட்டார். அவ்வழியில் நோக்கினால், டிராக்டரில் பூட்டிய பனிவீசியில் முதலில் கண்ணில் படுவது ஷியர் போல்ட்தான்.

1918இல் இன்டர்நேஷனல் 8-16 டிராக்டர் பி.டி.ஓ. தண்டுடன் விற்பனைக்கு வந்தது. எஞ்சினின் ஆற்றல் நேரே பின்கருவிக்குச் சென்றது. பின்னர் நிமிடத்திற்கு 540 சுற்று என்பது பொதுத்தரமாயிற்று. பனிக்கடியில் மறைந்த கல்லொன்று சிக்கினால் திருகு சட்டென நின்றுவிடும். எஞ்சினின் ஃப்ளைவீல் நிற்காது. இடையில் ஏதேனும் ஒன்று உடைந்தாக வேண்டும். கியர்பாக்ஸ் உடைவதற்குப் பதில் மலிவான போல்ட் அறுபடட்டும் என்பது வடிவமைப்பாளரின் முடிவு. நம் ரோட்டவேட்டர்கள் பலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் கொட்டும் பனியில் மூன்றாம் முறை போல்ட் மாற்றுபவருக்கு அம்முடிவு எரிச்சலூட்டும். கையில் கிடைத்த கடினமான போல்ட்டை முடுக்கிவிடுவார். அமெரிக்கத் தரப்படி, தலையில் கோடில்லாத கிரேடு 2 போல்ட்டின் இழுவலிமை சதுர அங்குலத்திற்கு 74,000 பவுண்டு. ஆறு கோடுள்ள கிரேடு 8இல் 150,000. இயந்திரத்திற்குக் குறித்தது கிரேடு 2 எனில், இனி போல்ட் அறுபடாது. கியர்பாக்ஸின் பல் போகும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும். நட்டு தளர்ந்து போல்ட் ஆடினால் ஒவ்வொரு சுற்றிலும் அடி விழும். துளை நீள்வட்டமாகத் தேயும். பின் எந்தப் புது போல்ட்டும் நிலைக்காது. உறைந்த திருகை முழு வேகத்தில் இயக்குவதும் அப்படியே. இதைவிடக் கொடியது துரு. திருகும் தண்டும் துருவால் ஒட்டிக்கொண்டால், போல்ட் அறுந்தாலும் திருகு விடுபடாது. கிரீஸ் நிப்பிள் அங்கே இருப்பது அதற்காகத்தான்.

அருங்காட்சியகத்தில் பழைய பனிவீசியைக் காணும் ஆய்வு மாணவர் பெயர்ப்பலகையைப் படித்த பின் சற்றுக் குனிந்து பார்க்கலாம்: போல்ட்டின் தலையில் எத்தனை கோடுகள், துளை இன்னும் வட்டமாக இருக்கிறதா என்று.