அரைப்பென்னிக்கு ஓர் அகழெலி

1566-இல் முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் இங்கிலாந்து நாடாளுமன்றம் தானியத்தைக் காக்க ஒரு சட்டம் இயற்றியது. காகம், நரி, முள்ளெலி என ஊருக்குப் பகையாகக் கருதப்பட்ட உயிர்களின் தலைக்கு அது விலை வைத்தது. அந்தப் பட்டியலில் அகழெலிக்கு அரைப்பென்னி. உயிரைக் கொன்று கொண்டுவந்தவருக்கு ஊர்த் தேவாலயப் பொறுப்பாளர்கள் பணம் கொடுத்துக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். வியப்பு என்னவென்றால், அகழெலி ஒரு மணித் தானியத்தைக்கூடத் தின்பதில்லை. அது எலி இனமே அல்ல. மூஞ்சூறுக்கு உறவான, மண்புழுவை நம்பி வாழும் பிராணி. அப்படியிருந்தும் அதைப் பிடிப்பது பிரிட்டனில் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தொழிலாக நீடித்திருக்கிறது. உழவுக்கு அது பெரும்பகை என்பதால்தான் தொழில் நிலைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பிடிப்பதற்கு வழி உண்டு, ஆனால் பிடித்து முடிக்க முடியாது. இந்த இரண்டும் ஒரே உயிரிடம் அமைந்ததுதான் காரணம். இரண்டுக்கும் வேர் அந்தச் சின்னஞ்சிறு உடலில் இருக்கிறது.

ஐரோப்பிய அகழெலி வளர்ந்தபின்னும் ஒரு சாணைத் தாண்டாது. எடை ஏறத்தாழ நூறு கிராம். இவ்வளவு சிறிய, ஓயாமல் உழைக்கும் உடல் சூட்டைத் தக்கவைக்க நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு இரை தேவைப்படும். குளிர்காலத்தில் அது உறங்கிக் கிடப்பதும் இல்லை. 2022-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் அருங்காட்சியக மண்டையோடுகளை அளந்து, குளிர் தொடங்கும் நவம்பரில் இந்த விலங்கின் மண்டையோடே 11 விழுக்காடு சுருங்குகிறது, வசந்தத்தில் ஓரளவு மீண்டும் வளர்கிறது என்று கண்டார்கள். தனக்குள் சேமிக்க வழியில்லாத உடல் தன்னையே குறைத்துக்கொண்டு பசியைச் சமாளிக்கிறது. மண்ணைத் தோண்டுவதற்கோ மிகுந்த சக்தி செலவாகும். ஆகவே அது புதிது புதிதாகத் தோண்டிக்கொண்டே இருப்பதில்லை. ஒருமுறை அமைத்த வளையில் வந்து விழும் புழுக்களைத் தேடி, பகலென்றும் இரவென்றும் பாராமல் நாளுக்கு மூன்று முறை போலச் சுற்றி வருகிறது. மிஞ்சிய புழுவின் தலைப்பக்கத்தைக் கடித்து, சாகாமலும் ஓடாமலும் செய்து சேர்த்துவைக்கிறது. அகழெலி பிடிப்பவரின் வித்தை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. மேலே தெரியும் மண்மேட்டை அவர் பெரிதாக நினைப்பதில்லை; நடந்து நடந்து சுவர் வழவழப்பான நிலையான வளையைக் கண்டுபிடித்துப் பொறி வைக்கிறார். பழைய நாளில் அது களிமண் குழலும் கண்ணியும் வளைத்து நட்ட கொம்பும்தான். குழிக்குள் வெளிச்சம் புகாமல் மூடிவிட்டால், பசி அந்தப் பிராணியைச் சில மணி நேரத்தில் அங்கே கொண்டுவந்து சேர்க்கும்.

இந்த அறிவு படிப்பாளிகளிடமிருந்து வந்ததல்ல. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வாழ்ந்த ஆன்ரி லெகூர் என்பவர் அகழெலி பிடிப்பதையே வாழ்வாகக் கொண்டவர். அவர் கண்டறிந்தவற்றை வைத்துத்தான் 1803-இல் காதே த வோ என்பவர் ஒரு நூல் எழுதினார். விலங்கியலாளர் ழோப்ருவா சேன்-இலேரும் லெகூரிடம் கேட்டுக் கற்றார். காகிதக் கொடி கட்டிய வைக்கோல் தண்டுகளை வளை நெடுகச் செருகி, ஒரு முனையில் கொம்பூதி விலங்கை வெருட்டினாராம் லெகூர். கொடிகள் ஒவ்வொன்றாகத் தெறித்த வேகத்தைக் கண்டு, குதிரையின் ஓட்டத்துக்கு அதை ஒப்பிட்டார்கள். வேகத்தை மிகைப்படுத்தினார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் விலங்கு தப்பியோடப் புது வழி தோண்டாமல் பழைய வளையையே நம்பும் என்ற கருத்து பிழையற்றது. ழோப்ருவா வரைந்த, வட்டம் வட்டமாக ஒழுங்குற அமைந்த 'கோட்டை'ப் படம்தான் நூறாண்டு காலம் பாடநூல்களைத் தவறான வழியில் நடத்தியது. நிலத்தில் இருக்கும் வளைகள் அத்தனை ஒழுங்காக இருப்பதில்லை.

அகழெலியால் கேடே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. மண்மேட்டிலுள்ள கல் அரிவாளை மழுக்கும். பதப்படுத்திய பசுந்தீவனத்தில் மண் கலந்தால் ஆடுகளுக்கு நோய் வரும். 1702-இல் இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னரின் குதிரை மண்மேட்டில் தடுக்கி விழுந்து, காறை எலும்பு முறிந்த மன்னர் சில வாரங்களில் இறந்ததும் வரலாறு. ஆனால் ஜெர்மனியில் இதே விலங்கு சட்டத்தால் காக்கப்படுகிறது. அதைக் கொல்லக் கூடாது. அங்கேயும் பயிர் விளைகிறது, பசு பால் தருகிறது. கேட்டின் அளவு மட்டுமே தொழிலை வாழவைத்திருந்தால் ஜெர்மானிய உழவர்கள் இந்தத் தடையைப் பொறுத்திருக்க மாட்டார்கள்.

தோல் வியாபாரம்தான் காரணம் என்ற வாதத்துக்கும் ஓரளவு வலு உண்டு. வளைக்குள் முன்னும் பின்னும் நகர ஏதுவாக அகழெலியின் ரோமம் எந்தப் பக்கமும் படியும். தையற்காரருக்கு அது வரம். எட்டாம் எட்வர்டின் பாட்டியான அலெக்சாண்ட்ரா அரசி அணிந்ததால் அது நாகரிகமானது என்பார்கள். ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கணக்கான தோல்கள் வேண்டும். குளிர்காலத்தில் தோல் தரமாக இருக்கும், வயலில் வேலையும் குறைவு, பொறியும் பலிக்கும், மூன்றும் கூடிவந்தன. ஆனால் அந்த மோகம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு தணிந்துவிட்டது. அதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அரைப்பென்னிக் கணக்கு தொடங்கியிருந்தது.

பிறகு வந்தது ஸ்ட்ரிக்னின். நம் காடுகளில் விளையும் எட்டிக்கொட்டையில் உள்ள அதே நஞ்சு. தானியத்தில் கலந்து வைத்தால் அகழெலி திரும்பியும் பார்க்காது. மண்புழுவில் தடவித்தான் வளைக்குள் போட வேண்டும். அங்கும் அதன் பசியே அதற்கு எமன். மலிவான இந்த வழி பல இடங்களில் பொறிக்காரரின் கைத்திறனை ஓரங்கட்டியது. கொடிய வேதனையில் சாகடிக்கும் அந்த நஞ்சு 2006-இல் பிரிட்டனில் தடைசெய்யப்பட்டதும் பொறிக்காரர்கள் திரும்ப வந்தார்கள். சங்கம் அமைத்துக் கற்பிக்கவும் செய்கிறார்கள். பிடித்தவற்றை முள்வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடும் வழக்கம் வட இங்கிலாந்தில் இன்னும் கண்ணில் படும். தலைக்கு இவ்வளவு என்று கூலி பேசிய காலத்தின் கணக்குமுறை அது.

நஞ்சாலும் ஏன் தீரவில்லை? அகழெலி தனித்து வாழ்வது. தன் எல்லைக்குள் இன்னொன்றைப் பொறுக்காது. அபர்டீனில் ஆய்வுசெய்த மார்ட்டின் கார்மனும் டேவிட் ஸ்டோனும் 1990-இல் வெளியிட்ட நூல் இந்த எல்லை வாழ்வை விரிவாகக் காட்டுகிறது. ஒன்று செத்தால் பக்கத்து அகழெலி அதைச் சீக்கிரமே உணர்ந்து, தோண்டும் செலவே இல்லாமல் கிடைத்த வளையைத் தனதாக்கிக்கொள்ளும். வசந்தத்தில் மூன்று நான்கு குட்டிகள் பிறந்து, கோடையில் தாயால் விரட்டப்பட்டு இடம் தேடி அலையும். அவற்றில் பல இலையுதிர் காடுகளிலிருந்து வருபவை. அங்கே புழு நிறைய, மண்மேடு யார் கண்ணையும் உறுத்தாது, பொறி வைக்க எவரும் கூலி தருவதும் இல்லை.