மருந்துப் பெயர்களின் விகுதி இலக்கணம்

இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் மருந்துப் பெயர்களுக்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கலாம். பெயரிடுதல் கவிஞர் தொழில். பெயரைப் பகுத்துப் பொருள் காணுதல் இலக்கணப் புலவர் தொழில். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்த வரலாறு ஒன்று கடந்த இருநூறு ஆண்டுகளில் மருந்துத் துறையில் உருவாகியிருக்கிறது. மாத்திரை உறை இல்லாத வீடு இன்று அரிது. எனினும் அவ்வுறைமேல் உள்ள பெயர் நம்மில் பெரும்பாலோர்க்கு வெறும் ஒலிக்கூட்டமே. அப்பெயர்கள் பிறந்த முறையை அறிந்தால் அவற்றைப் படிக்கவும் இயலும்.

தொடக்கத்தில் மருந்துக்குப் பெயர் சூட்டியோர் கற்பனையை நாடினர். ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்டியூர்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபினியிலிருந்து அதன் வீரியப் பொருளைப் பிரித்தெடுத்தார். உறக்கம் தருவதாகலின், ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் கனவுத் தெய்வமாகிய மார்ஃபியஸின் பெயரால் அதனை ‘மார்ஃபியம்’ என்றார். பின்னர் அது ‘மார்ஃபின்’ ஆயிற்று. தாவரங்களிலிருந்து பெற்ற இத்தகைய பொருள்களின் பெயர் ‘இன்’ அல்லது ‘ஐன்’ என முடியும் வழக்கம் தொடர்ந்து பரவியது. 1820இல் சிங்கோனாப் பட்டையிலிருந்து கிடைத்த குயினைன் இவ்வழக்கத்தின் வழிவந்ததே.

இவ்வீறு ஓரிடத்தில் சுவையான திரிபு அடைந்தது. கோக்கா என்னும் செடியின் பெயரோடு அவ்வீறு சேர்ந்து ‘கோகெயின்’ ஆயிற்று. 1884இல் கண் அறுவையில் அது மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பயன்பட்டது. அதன்பின் அதனையொத்த செயற்கை மருந்துகளைப் படைத்தோர், செடியின் பெயரில் இருந்த ககரத்தையும் விகுதியோடு சேர்த்துப் பிரித்துக்கொண்டனர். புரோகெயின் பிறந்தது, 1943இல் சுவீடனில் லிடோகெயின் உருவாயிற்று. இவற்றுக்கும் கோக்காச் செடிக்கும் உறவில்லை. ஆயினும் ‘கெயின்’ என்று முடிந்தால் அது உடலின் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து என்பது வழக்காகிவிட்டது. பகுதியின் ஒரு துண்டு விகுதியாகி, விகுதியே பொருள் உணர்த்தத் தொடங்கிய இடம் இது.

பெயருக்கு உடையவர் யார் என்னும் வினாவும் உடன் எழுந்தது. 1899இல் பேயர் நிறுவனம் ‘ஆஸ்பிரின்’ என்னும் பெயரைத் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்தது. அசெட்டைல் என்பதன் முதலெழுத்தும், ஸ்பைரியா என்னும் செடிப்பெயரின் முற்பகுதியும், ‘இன்’ விகுதியும் கூடிய காரணப்பெயர் அது. 1921இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, மக்கள் நாவில் அது மருந்தின் பொதுப்பெயராகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. மக்கள் வழக்கே பெயரின் உரிமையை முடிவு செய்தது எனலாம்.

வணிகக் குறிகள் மருத்துவ மொழியையே இருகூறாக்கியதும் உண்டு. சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பி தரும் பொருளை ஆங்கிலேயர் ‘அட்ரினலின்’ என்பர். அமெரிக்கர் ‘எபிநெஃப்ரின்’ என்பர். முன்னது இலத்தீன், பின்னது கிரேக்கம்; இரண்டுக்கும் பொருள் ‘சிறுநீரகத்தின் மேல்’ என்பதே. ‘அட்ரினலின்’ அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்தமையால் மருத்துவர்கள் அங்கே மற்றதைக் கையாண்டனர்.

இக்குழப்பத்துக்கு ஒரு வரம்பு கட்ட உலக சுகாதாரப் பேரவை 1950இல் தீர்மானம் இயற்றியது. ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும், எவரும் தமதென்று உரிமை கொண்டாட இயலாத பன்னாட்டுப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும் என்பது அதன் கருத்து. முதற் பட்டியல் 1953இல் வெளிவந்தது. ஒரே வகையில் செயற்படும் மருந்துகளின் பெயர்கள் ஓர் உறுப்பைப் பொதுவாகக் கொள்ளுதல் இம்முறையின் உயிர்நாடி. அவ்வுறுப்பு பெரும்பாலும் சொல்லின் ஈற்றிலேயே நிற்கும். தமிழில் விகுதி திணை, பால், எண், இடம் உணர்த்துவதுபோல் இங்கே அது மருந்தின் குலத்தை உணர்த்துகிறது.

நாள்தோறும் காணும் சில விகுதிகளைக் கருதுவோம். ‘லால்’ என முடியும் அடெனலால், மெட்டோபுரோலால் ஆகியவை இதயத் துடிப்பைத் தணிப்பவை. 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரோப்ரனலால் இக்குலத்தின் மூத்தோருள் ஒன்று. அவர் 1988இல் நோபல் பரிசு பெற்றார். ஆஸ்துமா உடையோர் இக்குலத்தை அறிந்திருத்தல் நன்று. இவற்றுட் சில மூச்சுக்குழலை இறுக்கக்கூடும். ‘ப்ரில்’ என முடியும் எனலாப்ரில், ராமிப்ரில் முதலியன இரத்த அழுத்தத்தைக் குறைப்பன; இவற்றின் முன்னோடியான காப்டோப்ரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றன் நஞ்சை ஆராய்ந்ததன் பயன். சிலருக்கு இவை வறட்டு இருமல் தரும். அந்நிலையில் மருத்துவர் பலகாலும் நாடுவது ‘சார்ட்டன்’ குலத்து லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவற்றை.

இலக்கணம் உள்ள இடத்தில் புறனடையும் உண்டு. ‘அசோல்’ என்று மட்டும் கேட்டு மயங்குதல் கூடாது. ஓமெப்ரசோல் வயிற்று அமிலத்தைக் குறைப்பது. ஃபுளூகோனசோல் பூஞ்சைக்கு எதிரி. அல்பெண்டசோல் குடற்புழுவை நீக்குவது. ஈற்றெழுத்துகளுக்கு முன்நிற்கும் ஒலியே அங்கு வகையைப் பிரிக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் ஆகியவற்றின் விகுதி ‘வாஸ்டாட்டின்’. ‘நிஸ்டாட்டின்’ ஓசையால் அவற்றோடு ஒத்தாலும் பூஞ்சைக்கான மருந்து. நியூயார்க் மாநில ஆய்வகத்தில் ஹேசன், பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலாளர் அதனைக் கண்டறிந்தனர். அம்மாநிலத்தின் பெயரே அதன் பெயராயிற்று.

இவ்வறிவு புலமை விளையாட்டன்று. பெனிசிலின் ஒவ்வாத ஒருவர்க்கு அமாக்சிசிலின், ஆம்பிசிலின் என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘சிலின்’ ஓர் எச்சரிக்கை மணி. அவ்வீற்றைப் படிக்கத் தெரிந்தவர், விழுங்குமுன் ஒரு சொல் கேட்பார். அக்கேள்வி உயிரைக் காக்கும். வணிகப் பெயரோ பெரும்பாலும் இடுகுறி. குலத்தை மறைத்து விடுகிறது. இரு மருந்துகளைக் கூட்டிச் சுருக்கிய ‘கோ அமாக்சிகிளாவ்’ என்னும் பெயரிலும் ‘சிலின்’ தேய்ந்து மறைந்துவிடுகிறது. உறையில் சிறிய எழுத்தில் உள்ளதையும் படிக்க வேண்டியது இதனாலேயே. இந்தியாவில் 2018இல் நடைமுறைக்கு வந்த விதித்திருத்தம், கூட்டு மருந்தல்லாத தனி மருந்துகளில் பொதுப்பெயர் வணிகப்பெயரினும் பெரிய எழுத்தில் அமைய வேண்டும் என்றது.

பொதுப்பெயர் நெறியை ஒரு நாட்டின் கொள்கையாக்கத் துணிந்தவர்களுள் இலங்கைப் பேராசிரியர் சேனக பிபிலே குறிப்பிடத்தக்கவர். 1971இல் தொடங்கிய அரசு மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்து, வணிகப் பெயர்களின் பெருக்கத்தைக் குறைத்து, பொதுப்பெயரில் மருந்து வாங்கவும் எழுதவும் வழிவகுத்தார். ஏழை நாட்டின் பணம் பெயரின் பகட்டுக்குச் செலவாதல் ஆகாது என்பது அவர் வழியின் சாரம். அதே இலங்கையில் நூறாண்டுக்கு முன்னரே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, நூல்களை மொழிபெயர்த்து, கலைச்சொற்களையும் ஆக்கியளித்தார். நோயாளியின் மொழியில் மருத்துவம் பேச இயலும் என்பதற்கு அவர் பணி சான்று.

எஞ்சியிருப்பது நம் பங்கு. தெய்வப் பெயர், மக்கட் பெயர், மரப் பெயர் என்று வகுத்துச் செய்யுளில் தந்த நிகண்டுகளைத் திண்ணைப் பள்ளிச் சிறார் மனப்பாடம் செய்தனர். வகையறிந்து பெயர் கற்கும் அக்கலை தமிழர்க்குப் புதிதன்று. பத்துப் பன்னிரண்டு மருந்து விகுதிகளை எளிய பாக்களில் அமைத்து, மருத்துவர் ஒருவரைக் கொண்டு சரிபார்த்துத் தருதல் கவிஞர்க்கு அரிய செயலன்று. மாத்திரை உறையைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று பேரப்பிள்ளையைக் கேட்டு நிற்கும் முதியோர் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர்கள் நாவில் நிற்கத்தக்க மருந்து நிகண்டு ஒன்று, இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் இடம்பெறுவதாகுக.