ஞாபகப் பிசகில் பிழைத்த ரயில்

1943-ஆம் வருடம். வேல்ஸின் மேற்குக் கடலோரத்தில் டவின் என்று ஒரு சிற்றூர். அங்கே ஓடும் குட்டி ரயிலில் ஒரு நடை போய்வரலாம் என்று வந்தார் டாம் ரோல்ட் என்ற பொறியாளர். ஸ்டேஷனில் கையால் எழுதிய ஒரு காகிதம்தான் அவரை வரவேற்றது: இன்று ரயில் இல்லை. வந்ததுதான் வந்தோம் என்று பாதையோடு நடக்க ஆரம்பித்தார். பல இடங்களில் தண்டவாளமே கண்ணில் படவில்லை, அவ்வளவு புல். ஸ்லீப்பர் கட்டைகள் இற்றுப்போன இடங்களில் தண்டவாளம் விலகாமல் பிடித்துவைத்திருப்பதே அந்தப் புல்தான் என்று பிற்பாடு வேடிக்கையாகச் சொல்வார்கள். வேடிக்கை பாதிதான்.

அதுதான் டாலிலின் ரயில்வே. மலையில் வெட்டிய சிலேட்டுக் கல்லைக் கடற்கரைக்கு இறக்க 1865-இல் நாடாளுமன்றச் சட்டம் பெற்றுப் போட்ட பாதை. நம் தாத்தாக்கள் பள்ளிக்கூடத்தில் எழுதினார்களே, அந்தச் சிலேட்டு. அங்கே அதைக் கூரைக்கும் வேய்வார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே 2 அடி 3 அங்குலம்தான் இடைவெளி. டாலிலின், டோல்கோக் என்று மொத்தமே இரண்டு இஞ்சின்கள். பாலங்களுக்கு அடியில் பெட்டி நுழைந்தால் பக்கவாட்டில் போதுமான இடம் இல்லை என்று சோதனைக்கு வந்த அதிகாரி கண்டுபிடித்தார். பாலத்தை இடித்துக் கட்டக் காசு ஏது? பெட்டிகளில் ஒரு பக்கத்துக் கதவுகளை அடைத்துவிட்டு, பாலத்தடியில் தண்டவாளத்தைச் சற்றே ஒதுக்கிப் போட்டார்கள். இன்றும் அந்த ரயிலில் ஒரு பக்கமாகத்தான் ஏறி இறங்க வேண்டும்.

1911 முதல் குவாரிக்கும் ரயிலுக்கும் முதலாளி சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், அந்த வட்டாரத்தின் எம்.பி. 1946 டிசம்பரில் குவாரி சரிந்து மூடப்பட்டது. சுமக்கச் சரக்கு இல்லை. ஆனாலும் தாம் உயிரோடு இருக்கிற வரைக்கும் ரயில் ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தார் மனுஷர். நஷ்டத்திலேயே ஓட்டினார். டாலிலின் இஞ்சின் 1945-லேயே படுத்துவிட்டதால், எண்பது வயது டோல்கோக்தான் தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தது.

1948-இல் பிரிட்டன் தன் ரயில்களையெல்லாம் அரசுடைமை ஆக்கியது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் டாலிலின் பெயர் இல்லை. மறந்தார்களா, இதெல்லாம் ஒரு ரயிலா என்று விட்டார்களா, எதுவானாலும் சரி. பட்டியலில் இருந்திருந்தால் அடுத்த வருடமே ஓர் அதிகாரி கணக்குப் பார்த்து இழுத்து மூடியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

1950 ஜூலையில் சர் ஹேடன் காலமானார். வாக்கு முடிந்தது. அக்டோபர் 11 அன்று பர்மிங்காமில் இம்பீரியல் ஹோட்டலில் ரோல்ட் ஒரு கூட்டம் போட்டார். வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ரயிலோடு இருந்த உறவு, பிளாட்பாரத்தில் நின்று பார்த்ததுதான். அவர்கள் சேர்ந்து சங்கம் வைத்து, சம்பளமில்லாமல் தாங்களே ரயிலை ஓட்டுவது என்று முடிவெடுத்தார்கள். அதுவரை உலகில் யாரும் செய்யாத காரியம். மியூசியத்தில் இஞ்சினை நிறுத்தி வைப்பது பழைய வழக்கம். டிக்கெட் கிழித்து, கரி அள்ளிப்போட்டு, கொடியசைத்து ஓட்டுவது வேறு. சர் ஹேடனின் மனைவி பொறுப்பைச் சங்கத்திடம் விட ஒப்புக்கொண்டார்.

ஆசை சரி, இஞ்சின்? அந்த அளவுத் தண்டவாளத்துக்கு இஞ்சின் கடையில் கிடைக்காது. ஆனால் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கோரிஸ் ரயில்வே என்று ஒன்று, அதே 2 அடி 3 அங்குலத்தில் ஓடி, 1948-இல் ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு மூடப்பட்டுக் கிடந்தது. அதன் இரண்டு இஞ்சின்களை யாரும் காயலான் கடைக்கு எடைபோட்டு அனுப்பியிருக்கவில்லை. ஒன்று 25 பவுன் வீதம் சங்கம் வாங்கியது. எண்கள் 3, 4. இங்கே ஏற்கெனவே இருந்தவை 1, 2. பெயின்ட் அடித்து எண்ணை மாற்றும் வேலைகூட மிச்சம்! மூன்றுக்கு சர் ஹேடன் என்றும், நான்குக்கு டாலிலினில் நெடுங்காலம் மேனேஜராக இருந்த எட்வர்ட் தாமஸ் என்றும் பெயர் சூட்டினார்கள்.

சர் ஹேடனை ஓடவிட்டதும் தடம் புரண்டது. தூக்கி வைத்தார்கள், மறுபடி புரண்டது. குனிந்து பார்த்தால் காரணம் சக்கரத்தில். தண்டவாளத்தின் மேல் உருளும் பட்டை அதில் குறுகல். இங்கேயோ தண்டவாளம் அரை அங்குலம் போல அகன்று கிடந்தது. கொஞ்சம் அசைந்தால் சக்கரம் உள்ளே விழுந்துவிடும். டோல்கோக்கின் சக்கரப் பட்டை அகலம், அதனால்தான் அது இத்தனை வருடமும் விழாமல் தப்பித்தது. பாதையைச் சரிசெய்யும் வரை சர் ஹேடனை ஷெட்டில் நிறுத்த வேண்டியதாயிற்று. எட்வர்ட் தாமஸை லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் தொழிற்சாலை இலவசமாகப் பிரித்துச் சரிசெய்து 1952-இல் அனுப்பியது. அதன் தலைவரும் சங்கத்தில் ஓர் உறுப்பினர் என்பது வசதியாகப் போயிற்று.

ஆக, 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் ரயிலை டவினிலிருந்து ரிடரோனன் வரை இழுத்தது அதே கிழட்டு டோல்கோக். அந்தப் பருவம் முழுவதும் அது ஒருநாள் படுத்திருந்தாலும் சங்கத்தின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிறகுதான் அதற்கு ஓய்வு. 1954-இல் வேலையிலிருந்து எடுத்து, ஒன்பது வருடம் கழித்து 1963-இல் புதுப் பாய்லரோடு திரும்ப விட்டார்கள். டாலிலினும் அதற்கு முன்பே, 1958-இல், வெளித் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறையப் புதிதாகவே கட்டப்பட்டு வந்தது. இதில் பழைய இரும்பு எவ்வளவு என்று தூய்மைவாதிகள் கேட்பார்கள். ஓடுகிற இஞ்சினில் பாய்லர் தேயும், சக்கரம் தேயும், குழாய் ஓட்டையாகும். ஒன்றும் மாற்றாமல் வைக்க வேண்டுமானால் நம் ஊர்களில் சில ஸ்டேஷன் வாசலில் செய்வதுபோல மேடை கட்டி ஏற்றிப் பெயின்ட் அடித்துவிடலாம். பாய்லருக்குள் என்ன நடக்கிறது என்று அப்புறம் யாரும் பார்க்க மாட்டார்கள். எனக்கு என்னவோ, ஒட்டுப்போட்டாலும் புகை விடுகிற இஞ்சின்தான் இஞ்சின்.

டாலிலின் ரயில்வேயைப் பார்த்து மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. வடக்கே ஃபெஸ்டினியோக் பாதை 1955-இல் மறுபடி ஓடியது. 1960-இல் இங்கிலாந்தின் தெற்கே புளூபெல் ரயில்வே, பிரிட்டனின் வழக்கமான பெரிய பாதையிலேயே. சினிமாக்காரர்களும் விடவில்லை: ஊர்க்காரர்களே ரயில் ஓட்டும் கதையாக, 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' 1953-இல் வந்தது.

1952-இல் டாலிலினுக்குக் கார்டு வேலைக்கு வந்த தொண்டர்களில் ஒரு பாதிரியாரும் இருந்தார். டிக்கெட், பிரேக், கொடி எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் ஒரு ஸ்டேஷனில் எல்லாரும் ஏறிவிட்டார்கள் என்று நினைத்துப் பச்சைக்கொடி காட்டினார். ரயிலும் கிளம்பிவிட்டது. தேநீர், பலகாரம் விற்கும் அம்மாள் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பாதிரியாரின் பெயர் ஆட்ரி. நம் வீட்டுப் பிள்ளைகள் டி.வி.யில் பார்க்கிற தாமஸ் இஞ்சினை உண்டாக்கியவர். தம் பிழையை அவர் மறைக்கவில்லை. 1955-இல் வந்த குழந்தைகள் புத்தகத்தில், பழியைத் தூக்கி பீட்டர் சாம் என்ற குட்டி இஞ்சின் தலையில் போட்டுவிட்டார். அந்த பீட்டர் சாம் வேறு யாருமில்லை, 25 பவுனுக்கு வாங்கிய நான்காம் எண்தான்.