மோபா மறைந்த வயல்களும் செர்பிய நாட்டுப்பாடலும்

செர்பியக் கிராமங்களில், ஒரு வீட்டாரின் கோதுமை அறுவடைக்கு அக்கம்பக்கத்தார் கூலி வாங்காமல் கூடி உழைக்கும் வழக்கத்துக்கு 'மோபா' என்று பெயர். உழைத்தவர்களுக்கு வயிறார உணவளிப்பது அவ்வீட்டாரின் கடமை. அவ்வயல்களில் எழுந்த பழைய பாடல்கள் பல 'நா கிளாஸ்' என்னும் முறையைச் சேர்ந்தவை: ஒருவர் தொடங்க, மற்றவர்கள் அவருடைய சுரத்துக்கு மிக நெருங்கிய சுரத்தில் நின்று குரல் கொடுப்பதால், இரு குரல்களும் உரசி அதிர்வது வெளியாருக்கு அபசுரமாகத் தோன்றினாலும், பாடுவோருக்கு அந்த உரசலே இனிமை.

1945க்குப் பின் யூகோஸ்லாவியாவில் தொழிற்சாலைகள் பெருகியதால் இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். 1968இல் மேற்கு ஜெர்மனியுடன் தொழிலாளர் ஒப்பந்தம் ஏற்பட்டபின், பலர் நாட்டையே விட்டுச் சென்றனர். அறுவடை இயந்திரமும் வந்துசேரவே, மோபாவுக்கு ஆளும் இல்லை, தேவையும் இல்லை.

ஊரைப் பிரிந்த இம்மக்களிடையே, 'புதிதாக இயற்றப்பட்ட நாட்டுப்புற இசை' எனப்பட்ட வகை அக்கார்டியன் துணையோடு 1960களில் இசைத்தட்டுகள் வழியாகப் பரவியது. பாடகி லேபா லூகிச் பாடிப் புகழ்பெற்ற பாடலின் தலைப்பே, ஓர் ஊற்றிலிருந்து பிரியும் இரு பாதைகளைக் குறிப்பது. 1970களின் தொடக்கத்தில் அரசு இவ்வகை இசைத்தட்டுகள் பலவற்றைத் தரமற்றவை என வகைப்படுத்திக் கூடுதல் வரி விதித்தது. அம்மதிப்பீடு நியாயமற்றது. ஏனெனில், வயலில் நின்று பாடியவர்களுக்கு வயலை நினைத்து ஏங்க வேண்டிய தேவை இருக்கவில்லை; தொழிற்சாலை விடுதியில் இவ்வகைப் பாடல்களைக் கேட்டவர்களுக்கோ அந்த ஏக்கமே அன்றாட வாழ்வாக இருந்தது.