மேகம் எனும் பழிச்சொல்

திருநெல்வேலி டவுணில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள தேர் வீதிகளில் சிறிது நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா, தோழர்களே? ஒருபுறம் அல்வாக் கடை. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கலந்து தெருவெல்லாம் மணக்கும். சற்றுத் தள்ளி நாட்டு மருந்துக் கடை. கூட்டம் குறையும்வரை ஒதுங்கி நின்று, பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைக்காரர் காதில் மட்டும் விழும்படி, "மேகத்துக்கு மருந்து வேணும்" என்று கேட்பாள் ஒரு மூதாட்டி. ஏன் அந்த ஒதுக்கம்? ஏன் அந்தத் தாழ்ந்த குரல்? காய்ச்சலுக்கு மருந்து கேட்பவள் கூசுவதில்லையே!

என் பாட்டியின் தமக்கை அப்படிக் கூசி வாழ்ந்தவர். மறைவிடத்தில் தீராத அரிப்பு. தொடையில் மாறி மாறிக் கட்டிகள். வைத்தியர் ஒருவர் 'மேகம்' என்றார். அவ்வளவுதான்! தட்டு தனியாயிற்று, பாய் தனியாயிற்று. மாண்டுபோன கணவரின் நடத்தையை ஊர் பேசிற்று. பிறகு அவருடைய நடத்தையையே பேசிற்று. முன்வினை என்றனர் சிலர். பல ஆண்டுகள் கழித்து, காலில் பட்ட சிறு புண் கருத்து அழுகியபோதுதான் இரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை! அரிப்பும் கட்டியும் அந்தச் சர்க்கரை அனுப்பிய தூதர்கள். தூதர்களை ஒழுக்கக்கேட்டின் சாட்சிகளாக மாற்றிவிட்டது ஒரு சொல். கால் போயிற்று, பழி போகவில்லை.

அந்தச் சொல்லின் வரலாறு என்ன? வானத்து முகிலன்று இந்த மேகம். சிறுநீர் கழித்தலைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். தேன்போல் இனிக்கும் சிறுநீர் மதுமேகம் எனப்பட்டது. அதனை எறும்பு மொய்ப்பதைப் பண்டை மருத்துவர் கண்டனர். அந்நோயோடு வரும் கட்டிகள் 7 வகை என்கிறது சரகர் நூல். 10 வகை என்கிறது சுசுருதர் நூல். சித்தர் மருத்துவம் மேகத்தையே 20 ஆகப் பகுத்தது. நுண்பெருக்காடி இல்லாத நாளில், கண்ணையும் கைவிரலையும் மட்டுமே துணைகொண்டு, சிறுநீர்க் கோளாறுக்கும் தோல் கட்டிக்கும் உறவு உண்டென்று கண்டறிந்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். பழையது என்பதற்காகவே ஒன்றைப் பழிப்பது பகுத்தறிவாகாது.

கேடு பின்னர் வந்தது. 1498இல் வாஸ்கோ டா காமா கள்ளிக்கோட்டைக் கரையில் இறங்கினான். மிளகு தேடி வந்த போர்த்துக்கீசியரோடு, உடலுறவால் பரவும் புதியதொரு புண்நோயும் இந்நாட்டிற்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் எழுதிய வடமொழி மருத்துவ நூல், அதனைப் பறங்கியர் நோய் என்றே குறித்தது. தமிழிலும் பறங்கிப்புண் என்றனர். அதற்கு மருந்தான வேர் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் பறங்கிப்பட்டை என்றே விற்கிறது. அதோடு நின்றிருந்தால் நன்று. ஆனால் 'மேகம்' என்ற பழைய போர்வைக்குள் பால்வினை நோயும் புகுந்துகொண்டது. அகராதிகளைப் புரட்டிப் பாருங்கள். இரு பொருளும் இருக்கும். இரண்டு நோய், ஒரே பெயர். ஆகவே ஒரே பழி!

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். பிடரியிலும் முதுகிலும் பல கண் வைத்துப் புடைக்கும் பெருங்கட்டிக்குத் தமிழில் இராசபிளவை என்று பெயர். நீரிழிவுக்காரரை நாடி வரும் கட்டி அது. அதற்கு முடிசூட்டியிருக்கிறார்கள்! சமீன்தாரின் முதுகில் வந்தால் இராசபிளவை. ஏழைக் கிழவியின் தொடையில் வந்தால் மேகம். சர்க்கரை ஒன்று, கிருமி ஒன்று, மரியாதை மட்டும் இரண்டு!

1776இல் மாத்யூ தாப்சன் எனும் ஆங்கில மருத்துவர், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார், சர்க்கரை எஞ்சிற்று. இரத்தமும் இனிப்பதைக் கண்டார். 1864இல் பிரெஞ்சு மருத்துவர் மார்ஷல் த கால்வி, உறுப்பு அழுகலுக்கும் நீரிழிவுக்கும் உள்ள உறவை விரித்தெழுதினார். 1922 சனவரி 11ஆம் நாள், டொராண்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. நம் சென்னை இராயபுரத்தில், நீரிழிவுக்கென்றே ஒரு மருத்துவமனையை 1954இல் டாக்டர் மா. விசுவநாதன் தொடங்கினார், நெல்லைக்கு 1965இல் மருத்துவக் கல்லூரி வந்தது.

முன்வினைக்கு இதில் இடமேது? இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் சோர்கின்றன. உடலின் ஈர மடிப்புகளில் ஒருவகைக் காளான் செழிக்கிறது. மறைவிட அரிப்புக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். வியர்வை குன்றிப் பாதம் வறண்டு வெடிக்கிறது. நரம்பு மரத்துப் போகிறது. குருதிக் குழாய் குறுகுகிறது. ஆனித் தேரோட்டத்தன்று கொதிக்கும் சாலையில் செருப்பின்றி நடந்தவர், உள்ளங்காலில் கொப்புளம் உடைந்ததை இரவில் பாய் ஈரமானபோதுதான் அறிகிறார். வலிக்கவில்லையே, சாமி காத்தது என்கிறார்! வலிக்காததுதான் ஆபத்து என்று அவருக்கு யார் சொல்வது?

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, இந்நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல். சொல் மட்டும் இன்னும் மாறவில்லை.

என் வகுப்பில் ஒரு மாணவி. பிடரியில் வெல்வெட்டுத் துணிபோல் தடித்த கருமை. அழுக்கு என்று பிள்ளைகள் கேலி செய்ய, வீட்டில் பீர்க்கங்கூடு கொண்டு தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கியிருந்தார்கள். அழுக்கன்று அது, இன்சுலின் பயன்படாமல் மிகுந்து, தோலைத் தடிக்கச் செய்யும் குறி, நீரிழிவுக்கு முன்னோடியாகவும் வருவது. அன்னையை அழைத்து, இரத்தச் சோதனைக்கு அழைத்துச் செல்லுமாறு சொன்னேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மருந்துக் கடை மூதாட்டியின் குரலிலேயே சொன்னார்:

"கூட்டிட்டுப் போறேன் சார். ஆனா யார்ட்டயும் சொல்லிராதீங்க. பொம்பளப் பிள்ள; நாளைக்குக் கட்டிக் குடுக்கணும்."