பிறந்த வீட்டுப் படி

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி கல்யாணமாகிச் சென்னைக்குப் புறப்படுகிறாள். தாயார் அதிரசம் செய்யும் முறையைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கிறாள்: ஒரு படி அரிசிக்கு இத்தனை பலம் வெல்லம். அந்தக் காலத்தில் படி ஊருக்கு ஊர் வேறு. அப்படியானால் காகிதத்திலுள்ள படி எந்தப் படி? பிறந்த வீட்டுப் படியா, புகுந்த வீட்டுப் படியா? தவறாக எடுத்துக் கொண்டால் அதிரசம் கல்லாகிவிடும்.

இதே வழக்கு கம்ப்யூட்டருக்குள்ளும் ஒருமுறை எழுந்தது. இடம், அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே ஜான் மெக்கார்த்தி என்பவர் 1958-இல் லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதை ஐ.பி.எம். 704 இயந்திரத்தில் ஓட வைத்தவர்களில் முக்கியமானவர் ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞர். பின்னால், 1962-இல், 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிச் சண்டை விளையாட்டை எழுதியவரும் இவர்தான்.

லிஸ்பின் விசேஷம், அதில் ஒரு பங்ஷனை இன்னொரு பங்ஷன் கையில் கொடுக்கலாம். (பங்ஷன் என்றதும் கல்யாண மண்டபம் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல, ஒரு வேலைக்கான கட்டளைகளைச் சேர்த்துக் கட்டிய சிறு மூட்டைக்கு அது பெயர்.) சமையற்காரர் வைத்த சாம்பாரைக் கொடுப்பது வேறு, சமையற்காரரையே அனுப்பி வைப்பது வேறு அல்லவா? இது இரண்டாவது வகை.

ஜேம்ஸ் ஸ்லாகிள் என்பவர் அப்படி ஒரு பங்ஷனை அனுப்பிப் பார்த்தார். விடை தப்பாக வந்தது. முறையிட்டார். காரணம் நம் அதிரசக் கதைதான். பங்ஷனுக்குள் இருந்த ஒரு பெயர், அது எழுதப்பட்ட இடத்து மதிப்பை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்த இடத்து மதிப்பை எடுத்துக் கொண்டுவிட்டது. மெக்கார்த்தி இதைச் சாதாரணப் பிழை என்றே நினைத்தார். ரஸ்ஸல் சீக்கிரம் சரிப்படுத்திவிடுவார் என்று சொல்லிவிட்டார். 1978-இல் லிஸ்பின் சரித்திரத்தைச் சொன்னபோது இதை அவரே மனம் விட்டு ஒப்புக் கொண்டார். பெரிய மனிதர்களிடம் அபூர்வமாகக் காணும் குணம் இது!

ரஸ்ஸல் சரிப்படுத்தத்தான் செய்தார். பங்ஷனோடு அது பிறந்த சூழலையும் கட்டி அனுப்பினார். அதாவது காகிதத்தோடு தாய் வீட்டுப் படியையும் பெண்ணின் பெட்டியில் வைத்தார். இந்த ஜோடிக்கு 'குளோஷர்' என்று பெயரிட்டவர் பீட்டர் லாண்டின் என்ற ஆங்கிலேயர். 1964-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில் அந்தப் பெயர் இருக்கிறது. 'மூடப்பட்டது' என்று பொருள். உள்ளே இருக்கும் எந்தப் பெயரும் அர்த்தம் தேடித் தெருவில் அலைய வேண்டாம் என்பது கருத்து.

பெயர் வைத்தாயிற்று, சங்கடம் தீரவில்லை. பங்ஷன் ஒன்று தன் வேலையை முடித்ததும் அதற்காக ஒதுக்கிய நினைவிடத்தைக் காலி செய்வதுதான் அந்நாளைய வழக்கம். பெண் புகுந்த வீடு சேர்வதற்குள் பிறந்த வீட்டையே இடித்துவிட்டால், கொண்டு போன படி என்ன ஆகும்? குளோஷர் உயிரோடு இருக்கும் வரையில் அந்த இடத்தையும் இடிக்காமல் காக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம் என்று லிஸ்ப் குடும்பத்தில் பலரும் பழைய வழியிலேயே போனார்கள்.

1975-இல் அதே கழகத்தில் ஜெரால்டு ஸஸ்மன், கை ஸ்டீல் என்ற இருவர், வேறொரு தத்துவத்தைப் புரிந்து கொள்வதற்காக 'ஸ்கீம்' என்ற சின்னஞ்சிறு மொழியை எழுதினார்கள். பிறந்த வீட்டுப் படியே செல்லும் என்பது அதில் சட்டமாகவே ஆயிற்று. ஸ்கீமைப் போல ஒன்றை இணைய உலாவிக்குள் வைக்கலாம் என்ற பேச்சோடு நெட்ஸ்கேப் கம்பெனிக்கு வந்தவர் பிரெண்டன் ஐக். 1995 மே மாதத்தில் பத்தே நாட்களில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை எழுதினார். வெளித் தோற்றம் ஜாவாவைப் போல இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. உள்ளே குளோஷர் பின்னால் வந்து சௌக்கியமாக உட்கார்ந்தது.

அங்கேயும் ஒரு வம்பு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கொண்டே மூன்று பொத்தான்களைச் செய்து, அமுக்கினால் தன் எண்ணைச் சொல்லும்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்ஷனைக் கொடுத்தால், எதை அமுக்கினாலும் 'நான்கு' என்கிறது! குளோஷர் எடுத்துச் செல்வது படியின் அளவை அல்ல, படியையே. மூன்றுக்கும் ஒரே படி. எண்ணி முடித்தபோது அதில் கிடந்தது நான்கு. 2015-இல் 'லெட்' என்ற சொல்லைச் சேர்த்து, சுற்றுக்கு ஒரு புதுப் படி கிடைக்க வழி செய்தார்கள். பழைய 'வார்' என்ற சொல்லை நீக்கவில்லை. அதில் எழுதினால் மூன்று பொத்தான்களும் இன்றும் 'நான்கு' என்றுதான் சொல்லும்.