உறையும் மேல்விலாசமும்

2006-இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவருக்கும் மருத்துவ நோபெல் அறிவித்த வாரம். சங்க நூலகத்தில் ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் உயிர்வேதியியல் வாத்தியார் என்பது அவருக்குத் தெரியும். அவர் மகனுக்கு மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி என்னும் பரம்பரைத் தசைநோய். கைகொடுத்தால் பிடியைச் சட்டென்று விட முடியாது. "பரிசு குடுத்துட்டாங்க, சரி. மருந்து எப்ப சார் வரும்?"

"அஞ்சாறு வருஷத்துல வந்துடும்" என்றேன். அவசரப்பட்டுவிட்டேன்.

கெட்ட மரபணுவை வாயடைக்க வைக்கலாம் என்பதை அவ்விருவரும் 1998-இல் ஒரு புழுவில் காட்டினார்கள். 21 எழுத்து நீளமுள்ள சின்ன ஆர்.என்.ஏ. துண்டே மனித உயிரணுவிலும் அதைச் செய்யும் என்று 2001-இல் தாமஸ் டூஷல் குழு கண்டது. ஆய்வுக்கூடத் தட்டில் எல்லாம் சரி. உடம்பில்? இரத்தத்திலுள்ள நொதிகள் துண்டை அரித்துவிடும். தப்பியதைச் சிறுநீரகம் வடித்துவிடும். மிஞ்சி உயிரணுவின் வாசலுக்குப் போனாலும், துண்டிலும் எதிர்மின்சுமை, சவ்விலும் எதிர்மின்சுமை, உள்ளே விடாது. 2010-இல் ரோஷ் இந்த ஆராய்ச்சியையே கைவிட்டது. பணத்துக்குப் பஞ்சமில்லாத கம்பெனி அது!

முதலில் பலித்தது கொழுப்பு உறை. நுண்ணிய கொழுப்பு உருண்டைக்குள் துண்டை வைத்து இரத்தத்தில் ஏற்றினார்கள். இரத்தத்தில் சாதுவாக இருக்கும் அந்தக் கொழுப்பு, உயிரணுவுக்குள் அமிலப் பையை அடைந்ததும் நேர்மின்சுமை பெற்று, பையைக் கிழித்துச் சரக்கை இறக்கும். 2018 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதித்த பாட்டிசிரான் இப்படி வந்தது.

அடுத்த வழிதான் எனக்குப் பிடித்தது. உறையே வேண்டாம், மேல்விலாசம் போதும். துண்டின் நுனியில் கேல்நாக் என்ற சர்க்கரை மூன்றை ஒட்டினால், கல்லீரல் அணுவின் மேலுள்ள புரதம் அதைப் பற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். இவ்வேலையில் முன்னின்ற முத்தையா மனோகரன் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். இதை நம் மலரில் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 2020-இல் ஐரோப்பா அனுமதித்த இன்கிளிசிரான் இவ்வகை. தொடக்க ஊசிகளுக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒன்று போட்டால் கெட்ட கொலஸ்டிரால் இறங்குகிறது.

2018-இல் பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். "அது கல்லீரலுக்குப் போறதுதானே சார்? எங்க பையனுக்குத் தசையில்ல?" என்றார். படித்து வைத்திருந்தார்.

தசை அணு இரும்பை உள்ளே எடுக்க ஓர் ஏற்பி வைத்திருக்கிறது. அதைப் பற்றும் எதிர்ப்பொருளில் துண்டைக் கட்டி, அதே நோய்க்கு மனிதரிடம் சோதித்து வருகிறார்கள். அவருக்கு அதையும் சொல்லியிருக்கிறேன், இம்முறை வருஷக் கணக்குச் சொல்லாமல்.